எலக்ட்ரானைக் குளிர வைப்பது எப்படி: பின்ன குவாண்டம் ஹால் விளைவை அளக்கப் போகும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

நான் முதன்முதலில் திரவ நைட்ரஜனைப் பார்த்தது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில். கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமம். பசு சினைக்கு வந்ததும் அப்பா போய்ச் சொல்லிவிட்டு வருவார். மதியத்துக்குள் சினை ஊசி போடுபவர் அலுமினிய கேனை வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து சாணி மெழுகிய தரையில் படரும். அது மைனஸ் 196 டிகிரி, அதாவது 77 கெல்வின் என்பதெல்லாம் பத்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்று நான் வேலை செய்யும் லேப்பில் அதே திரவம் தினமும் வருகிறது. அங்கே அது குளிரின் முதல் படிதான். நாங்கள் போய்ச் சேரவேண்டிய இடம் 20 மில்லிகெல்வின்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் காட்பாடி, சேர்க்காடு பக்கம் எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் யாராவது வந்து கேட்பார்கள்: "அக்கா, லோ டெம்பரேச்சர் லேப்ல சேரப் போறேன். முதல் நாள் என்ன தெரிஞ்சிருக்கணும்?" அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்று. லேப்பின் குளிரூட்டும் கருவியான ஃப்ரிட்ஜ் குளிர்வதும், நாம் அளக்கப்போகும் சில்லான சாம்பிளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் குளிர்வதும் ஒன்றல்ல. ஃப்ரிட்ஜைத் தயாரித்தவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். எலக்ட்ரானைக் குளிர வைப்பது நம் பொறுப்பு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எதைப் பார்க்கப் போகிறோம்

கல்லூரி லேப்பில் ஜெர்மேனியம் துண்டை மின்காந்தத்துக்கு நடுவில் வைத்து மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் ஹால் மின்னழுத்தம் அளந்திருப்பீர்கள். எட்வின் ஹால் 1879இல் கண்டது அது. காந்தப்புலம் கூடக்கூட மின்னழுத்தம் நேர்கோடாக ஏறும். எலக்ட்ரான்களை ஒரு மெல்லிய தளத்துக்குள் அடைத்து, நன்றாகக் குளிர வைத்து, பெரிய காந்தப்புலம் கொடுத்தால் அந்த நேர்கோடு படிக்கட்டாக மாறிவிடும். 1980இல் பிரான்சின் கிரெனோபிளில் கிளாவுஸ் ஃபான் கிளிட்ஸிங் இதைக் கண்டார். ஒவ்வொரு படியின் மின்தடையும் 25,812.8 ஓம்மை ஒரு முழு எண்ணால் வகுத்தது. சாம்பிள் எதுவானாலும் இந்த எண் மாறாது.

இரண்டு வருடத்தில், 1982இல், டேனியல் சுய், ஹோர்ஸ்ட் ஷ்டோர்மர், ஆர்தர் கோசார்ட் மூவரும் இன்னொரு படியை அறிவித்தார்கள். அதன் மின்தடை 25,812.8ஐப் போல மூன்று மடங்கு, சுமார் 77,438 ஓம். அதாவது வகுக்கும் எண் மூன்றில் ஒன்று. இதுதான் பின்ன குவாண்டம் ஹால் விளைவு. அந்தக் கணத்தைப் பற்றி ஷ்டோர்மர் சொன்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வரைபடத் தாளில் பூச்சியப் புலத்துக்கும் கடைசி முழு எண் படிக்கும் இடையே உள்ள தூரத்தை சுய் இரண்டு விரல்களால் அளந்தார். அதே விரல் அளவில் புதிய படி எங்கே விழுகிறது என்று பார்த்தார். சரியாக மூன்று. "குவார்க்!" என்றாராம். மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் வரும் அடிப்படைத் துகளின் பெயர் அது. உங்கள் முதல் வரைபடம் வரும்போது நீங்களும் திரையில் விரலை வைத்து இப்படி அளந்து பாருங்கள். எந்த மென்பொருளையும் விட வேகமான சோதனை இதுதான்.

ஏன் மூன்றில் ஒன்று? காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகப் பிரிந்துவிடுகிறது. முதல் மட்டமே மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும்போது, எலக்ட்ரான்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் அங்கே விசேஷமாக எதுவும் நடக்கக் காரணம் இல்லை. ஆனால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. அதனால் எல்லாம் சேர்ந்து, ஒன்றுக்கொன்று ஒதுங்கியே நகரும் ஒரு திரவமாகிவிடுகின்றன என்று ராபர்ட் லாஃப்லின் 1983இல் காட்டினார். அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கலைத்தால் பிறக்கும் துகளுக்கு எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 1997இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சக்ளேயிலும் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து இதை உறுதி செய்தார்கள். சுய், ஷ்டோர்மர், லாஃப்லின் மூவருக்கும் 1998இல் நோபல் கிடைத்தது. 2/5, 3/7 என்று வரிசையாக வரும் பின்னங்களுக்கு 1989இல் அழகான விளக்கம் தந்தவர் ராஜஸ்தானில் பிறந்த ஜைனேந்திர ஜெயின்.

அந்தத் திரவம் கலையாமல் இருக்க வெப்பம் குறைவாக இருக்கவேண்டும். மே மாத வேலூர் வெயில் 42 டிகிரி என்றால் 315 கெல்வின். 20 மில்லிகெல்வின் அதில் ஏறத்தாழ பதினாறாயிரத்தில் ஒரு பங்கு.

முதலில் பேப்பரில் கணக்கு

ஃப்ரிட்ஜ் பக்கம் போவதற்கு முன்னால் உங்கள் சாம்பிளுக்கு எந்தப் புலத்தில் எந்தப் படி வரும் என்று எழுதி வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கோடி எலக்ட்ரான் இருந்தால் முதல் மட்டம் முழுதாக நிரம்புவது 4.14 டெஸ்லாவில். மூன்றில் ஒன்று வேண்டுமென்றால் அதை மூன்றால் பெருக்குங்கள், 12.4 டெஸ்லா. எலக்ட்ரான் அடர்த்தி இரட்டித்தால் புலமும் இரட்டிக்கும். 1982இன் சாம்பிளில் 12,300 கோடி இருந்தது, அதனால் மூன்றில் ஒன்று 15 டெஸ்லா அருகே வந்தது. உங்கள் லேப்பின் காந்தம் 9 டெஸ்லாவோடு நிற்கிறது என்றால் இந்தக் கணக்கைப் போடாமல் சாம்பிளைக் குளிர வைப்பது ஒரு வார வீண் வேலை. நான் பார்த்த புதியவர்களில் பலர் இந்த இரண்டு வரிக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சாம்பிளும் பாலாற்று ஊற்றும்

சாம்பிள் காலியம் ஆர்சனைடும் அலுமினியம் காலியம் ஆர்சனைடும் அடுக்கடுக்காக வளர்த்த ஒரு சில்லு. அணு அணுவாக வெற்றிடத்தில் வளர்க்கும் அந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான். உங்கள் கைக்கு வருவது அநேகமாக அவர்களில் ஒருவர் தந்த துண்டாக இருக்கும். அதைத் தங்க நகை போலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு இதன் அமைப்பு சட்டென்று புரியும். மேலே காய்ந்த மணல், இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர். இந்தச் சில்லிலும் மேற்பரப்பு காய்ந்ததுதான். 100, 200 நானோமீட்டர் அடியில்தான் எலக்ட்ரான் படலம் இருக்கிறது. அதைத் தொட ஊற்று தோண்டவேண்டும். அதற்குத்தான் இண்டியம்.

நாலைந்து மில்லிமீட்டர் சதுரமாகச் சில்லை உடைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வைரமுனையால் ஒரு சின்னக் கீறல் போட்டு லேசாக அழுத்தினால் படிகத் தளத்தோடு நேராகப் பிளந்துவிடும். நான்கு மூலையிலும் நான்கு பக்க நடுவிலும் கடுகைவிடச் சிறிய இண்டியம் பொட்டுகளைச் சுத்தமான சால்டரிங் முனையால் வையுங்கள். அப்புறம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவில் 400 டிகிரிக்கு மேல் சில நிமிடம் சூடாக்கினால் இண்டியம் உள்ளே ஊறி எலக்ட்ரான் படலத்தைத் தொடும். பொட்டு பெரிதாக இருந்தால் பக்கத்துப் பொட்டோடு சேர்ந்துவிடும். சூடு போதாவிட்டால் ஊற்று தண்ணீரை எட்டாது. அறை வெப்பநிலையில் நன்றாக இருந்த கான்டாக்ட் (இந்தப் பொட்டு தரும் மின் இணைப்பு) குளிரில் செத்துப்போவதும் உண்டு. ஆகவே எட்டையும் 4 கெல்வினில் மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இதில் ஆர்சனிக் இருக்கிறது. கையுறை போடுங்கள், தூளை ஊதாதீர்கள், உடைந்த துகளைத் தனி டப்பாவில் சேருங்கள். அந்த மேசையில் டீ வேண்டாம்.

வயரிங்: இங்கே நேரத்தைச் செலவழியுங்கள்

எலக்ட்ரான் எதன் வழியாகக் குளிர்கிறது? அறை வெப்பநிலையில் அது படிக அதிர்வுகளோடு மோதி மோதி வெப்பத்தைக் கொடுத்துவிடும். மில்லிகெல்வினில் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. சில்லைச் செம்புத் தகட்டில் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் எலக்ட்ரான் அதை உணராது. அதற்குத் திறந்திருக்கும் கதவு கான்டாக்ட்டும் அதில் சேர்ந்த வயரும்தான். அதே வயர் வழியாகத்தான் மேலே 300 கெல்வினில் இருக்கும் உலகத்தின் இரைச்சலும் இறங்குகிறது. குளிர் போகும் வழியும் சூடு வரும் வழியும் ஒன்றே என்பதுதான் இந்தத் துறையின் சிக்கல்.

ஆகவே மேலிருந்து 4 கெல்வின் வரை வெப்பம் குறைவாகக் கடத்தும் மாங்கனின் அல்லது கான்ஸ்டன்டன் வயர் போடுங்கள். இரண்டு இரண்டாக முறுக்கிய ஜோடியாக இருக்கட்டும், காந்தப்புலத்தில் ஆடினாலும் அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஒன்றையொன்று ரத்துசெய்யும். ஒவ்வொரு வெப்பநிலைத் தட்டிலும் வயரைச் செம்பு உருளையில் பல சுற்று சுற்றி வார்னிஷ் போட்டு ஒட்டுங்கள். சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. கடைசித் தட்டில், ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த பாகமான மிக்ஸிங் சேம்பருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வயருக்கும் மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஒரு ஃபில்டர் வேண்டும். ரேடியோ, செல்போன் அலைவரிசைகள் அங்கே நின்றுவிடும்.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தெர்மாமீட்டர் 18 மில்லிகெல்வின் காட்டியது. 1/3 வந்தது, 2/5 வந்தது, 3/7கூட வந்தது. படி வரும் இடத்தில், மின்னோட்டம் போகும் திசையிலேயே அளக்கும் நீளவாட்டு மின்தடை பள்ளமாக இறங்கும். 5/2 இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அந்தப் பள்ளம் லேசாகத்தான் இருந்தது. 5/2 மென்மையானது. 1987இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த நிலையின் ஆற்றல் இடைவெளி தலைசிறந்த சாம்பிளிலேயே அரை கெல்வின் அளவுதான். சாம்பிள்தான் மோசம் என்று முடிவுகட்டி மூன்று வாரம் சாம்பிளையே மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி, புலத்தை அந்தப் பள்ளத்திலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. பம்பும் அளவுக் கருவியும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தது. இருட்டில் லாக்-இன் என்னும் அந்த அளவுக் கருவியின் பச்சை எண்கள் மட்டும் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இறங்கின. அரை நிமிடத்தில் மின்தடை பாதிக்கும் கீழே போய்விட்டது. கரண்ட் வந்து கம்ப்யூட்டர் எழுந்ததும் பழைய இடத்துக்கே ஏறியது.

கம்ப்யூட்டரையும் லாக்-இன்னையும் இணைத்த கேபிளின் கிரவுண்ட் வழியாக இரைச்சல் சாம்பிள்வரை போய்க்கொண்டிருந்திருக்கிறது. தெர்மாமீட்டர் 18 காட்ட, எலக்ட்ரான்கள் அதைப் போலப் பல மடங்கு சூட்டில் இருந்திருக்கின்றன. கண்ணாடி இழை வழியாகத் தகவல் போகும் இணைப்பாக மாற்றியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து புதிய அமைப்பு எதுவானாலும் முதல் வேலையாக ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்து, எண் நகர்கிறதா என்று நோட்டில் எழுதுகிறேன். நீங்களும் செய்யுங்கள். கிரையோஸ்டாட் (ஃப்ரிட்ஜ் இருக்கும் குளிர்க்கலம்) ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிரவுண்டைத் தொடவேண்டும். பம்பிலிருந்து வரும் உலோகக் குழாய்க்கு நடுவில் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர வைப்பது

இது பெரும்பாலும் காத்திருப்பு. ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டும் கலந்த திரவம் 0.87 கெல்வினுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டாகப் பிரியும். மேலே ஹீலியம்-3 செறிந்த அடுக்கு, கீழே அது கொஞ்சமே கரைந்த அடுக்கு. பூச்சியத்துக்கு அருகே போனாலும் கீழ் அடுக்கில் 6.6 சதவீதம் ஹீலியம்-3 கரைந்தே இருக்கும். கீழிருந்து அதை உறிஞ்சி எடுக்க எடுக்க மேலிருந்து புதிது கரையும், கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்வது போன்ற கணக்குதான். ஹைன்ஸ் லண்டன் 1951இல் சொன்ன யோசனை இது.

ஹீலியம் என்றாலே எனக்குக் காவலூர் ஞாபகம் வரும். பழைய வட ஆற்காட்டு ஜவ்வாது மலையில் இருக்கும் வானாய்வகம். பள்ளியிலிருந்து அழைத்துப் போனபோதுதான், ஹீலியத்தைப் பூமியில் பார்ப்பதற்கு முன்பே சூரிய ஒளியில் பார்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். 1868 ஆகஸ்ட் சூரிய கிரகணத்தின்போது ஆந்திரக் கரையில் நின்று பார்த்தவர்களும் ஒளிமாலையில் ஹீலியம் காட்டும் மஞ்சள் கோட்டைப் பார்த்தவர்களில் சேர்த்தி. சூரியனில் கண்ட வாயு பூமியின் மிகக் குளிர்ந்த இடத்துக்கு நம்மை அழைத்துப் போகிறது.

செய்யவேண்டியவை: மூடுவதற்கு முன் ஹீலியம் லீக் டிடெக்டரால் ஒவ்வொரு இணைப்பையும் சோதியுங்கள். அறை வெப்பநிலையில் சின்ன லீக் என்றால் குளிரில் பெரிய தலைவலி. கலவை சுற்றும் பாதையில், அசுத்த வாயுவை உறைய வைத்துப் பிடிக்கும் நைட்ரஜன் டிராப்பை நிரப்பி வையுங்கள், கொஞ்சம் காற்று உள்ளே போனாலும் உறைந்து குழாயை அடைத்துவிடும். ஹீலியம்-3 டிரிட்டியத்திலிருந்து வருவது, விலை மிக அதிகம். கலவைத் தொட்டியின் அழுத்தத்தைத் தொடங்கும் முன் எழுதிவையுங்கள். 4 கெல்வின் அருகே வந்ததும் சாம்பிளின் மேல் சிவப்பு எல்இடியைச் சில நிமிடம் எரிய விட்டு, அணைத்த பிறகு மெல்லக் குளிர வைத்தால் எலக்ட்ரான்கள் சீராகப் பரவும். இதை நான் தவறாமல் செய்கிறேன்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் அது ஆக்சிஜனை ஒதுக்கித் தள்ளிவிடும், வாடையும் வராது, மூச்சுத் திணறலும் தெரியாது, நேராக மயக்கம்தான். லிஃப்டில் நைட்ரஜன் டிவாரோடு (திரவ நைட்ரஜன் வைக்கும் கேன்) சேர்ந்து ஏறாதீர்கள். ஆக்சிஜன் அலாரம் அடித்தால் முதலில் வெளியே வாருங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலி, ஸ்க்ரூ டிரைவர், சிலிண்டர் எதுவும் கூடாது. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ அறை வாசலில் எழுதியிருக்கும் அதே விதி, அதே மாதிரியான மீகடத்திக் காந்தம். நம்முடையது பல மடங்கு வலுவானது.

அளவீடு

லாக்-இன்னிலிருந்து 1 வோல்ட்டை 100 மெகாஓம் மின்தடை வழியாக அனுப்பினால் 10 நானோஆம்பியர். பத்து மெகாஓம் போட்டால் வசதி என்று தோன்றும். ஆனால் மூன்றில் ஒன்று படியில் சாம்பிளே 77 கிலோஓம், மின்னோட்டம் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் குறைந்துவிடும், படியின் உயரம் தப்பாக வரும். 100 மெகாஓம்மில் அந்தப் பிழை பத்தில் ஒரு பங்கு. மின்னோட்டத்தையும் இன்னொரு லாக்-இன்னால் அளந்துவிட்டால் நல்லது.

அதிர்வெண் 13 அல்லது 17 ஹெர்ட்ஸ் வையுங்கள். நம் மெயின் லைனின் 50க்கும் அதன் மடங்குகளுக்கும் ஒட்டாத எண்ணாக இருக்கட்டும். ஃபில்டரில் மின்தேக்கி பெரிதாக இருந்தால் 77 கிலோஓம்மோடு சேர்ந்து சிக்னலின் கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிவிடும். 10 நானோஃபாரட், 13 ஹெர்ட்ஸ் என்றாலே மூன்றரை டிகிரி. லாக்-இன்னின் இரண்டாவது சேனலில் எண் வளர்ந்தால் அதிர்வெண்ணைக் குறையுங்கள்.

மின்னோட்டம் சாம்பிளைச் சூடாக்குகிறதா என்று பார்க்க அதைப் பாதியாக்குங்கள். மின்தடை மாறவில்லை என்றால் சரி. மாறினால் இன்னும் பாதியாக்குங்கள், மாறாத இடம் வரும்வரை. 5/2 போன்ற மென்மையான நிலைகளுக்கு 1 அல்லது 2 நானோஆம்பியர்வரை இறங்கவேண்டியிருக்கும், சிக்னல் சிறியதாகும், பொறுமை வேண்டும்.

புலத்தை நிமிடத்துக்கு 0.1 டெஸ்லாவுக்கு மேல் ஓட்டாதீர்கள். வேகமாக ஓட்டினால் செம்புப் பாகங்களில் சுழல் மின்னோட்டம் எழுந்து எல்லாம் சூடாகும். 12 டெஸ்லா போக இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். புலத்தின் திசையை மாற்றியும் ஒரு முறை ஓட்டுங்கள். ஹால் மின்தடைக்குள் நீளவாட்டு மின்தடை கலந்திருந்தால் இரண்டு திசைகளையும் கழித்துப் பிரித்துவிடலாம்.

ஒரு பின்னத்தைக் கண்டேன் என்று எப்போது சொல்லலாம்? ஹால் மின்தடையில் தட்டையான படியும், அதே புலத்தில் நீளவாட்டு மின்தடையில் பள்ளமும் சேர்ந்து இருக்கவேண்டும். பள்ளம் மட்டும் இருந்தால் "அறிகுறி தெரிகிறது" என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் எலக்ட்ரானின் உண்மையான வெப்பநிலை. பள்ளத்தின் அடியில் உள்ள மின்தடையை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, அதன் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடாக இறங்கும், சாய்விலிருந்து ஆற்றல் இடைவெளி கிடைக்கும். குளிரக் குளிர ஓர் இடத்தில் கோடு வளைந்து தட்டையாகும். தெர்மாமீட்டர் 20க்கு இறங்கியும் கோடு 60லேயே தட்டையாகிவிட்டால், பெரும்பாலும் உங்கள் எலக்ட்ரான்கள் 60லேயே நின்றுவிட்டன என்று பொருள். அந்த எண்ணை மறைக்காமல் எழுதுங்கள், வயரிங்குக்குத் திரும்பிப் போங்கள்.

ஊரில் இருக்கும்போதே செய்யக்கூடியது

கல்லூரி ஹால் பரிசோதனையையும் நான்குமுனைப் பரிசோதனையையும் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்யாமல் நாலு தரம் செய்யுங்கள். புலத்தின் திசையை மாற்றி, மின்னோட்டத்தைப் பாதியாக்கி, ஏன் எண் மாறுகிறது என்று யோசியுங்கள். மெல்லிய வயரில் சால்டரிங் பழகுங்கள். பைத்தானில் ஒரு கருவியிலிருந்து எண்ணை வாங்கிக் கோப்பில் எழுதும் அளவுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் போதும். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் காட்பாடியிலிருந்து ரயில் ஏறிப் போகிற தூரம்தான். மூன்றாம் கிளாஸ் வரைக்குமே படித்த என் அம்மா என் லேப்பைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வயரா?" என்றுதான் கேட்டார். சரியான கேள்வி அது.

முடித்துக் கிளம்பும்போது

புலத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சாம்பிள் வயர்களை எல்லாம் கிரவுண்ட் செய்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள். கையிலிருக்கும் நிலைமின்சாரம் ஒரு கணத்தில் சாம்பிளைக் கொன்றுவிடும். கலவையை மெல்லச் சூடாக்கித் தொட்டிக்குத் திரும்ப வாங்குங்கள். தொடங்கும்போது எழுதிவைத்த அழுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். குறைந்திருந்தால் வால்வை மூடிவிட்டு, எந்த நேரமானாலும் லேப் சீனியரை எழுப்புங்கள்.